பின்னால் வருபவருக்கு ஒரு விளக்கு

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கண்டி மாநகரின் குடியிருப்புத் தெருக்களில் நடந்து செல்பவர்கள் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர் ஒருவர், வாளித் தண்ணீரும் துணியுமாகத் தமது வண்டியின் முன்னே நின்றுகொண்டிருப்பார். முகப்பு விளக்குகளைத் துடைப்பார். முன் பம்பரை முகம் தெரியும்படி மினுக்குவார். சற்றுத் தள்ளி நின்று அழகு பார்ப்பார். வண்டியின் பின்புறத்துக்கு வரும்போது வாளியில் தண்ணீரும் தீர்ந்திருக்கும்; அவருடைய ஆர்வமும் தீர்ந்திருக்கும். அவசரமாக ஒரு துடைப்பு. அத்துடன் வேலை முடிந்தது.

நாமும் நெடுங்காலம் அவ்வாறே செய்துவந்தோம். அது எத்துணைப் பெரிய பிழை என்பதை ஐப்பசி மாதத்து மாலை ஒன்று எமக்குக் கற்பித்தது. வாசகர்களுள் பழைய வண்டி வைத்திருப்போர்க்கும், அத்தகைய வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் பிள்ளைகளுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி அதனை இங்கே எழுதுகின்றோம்.

எமது வண்டி ஒரு மொரிஸ் மைனர். 1958ஆம் ஆண்டு செய்யப்பட்டது. தந்தையார் அதனைக் கைமாற்றாக வாங்கினார். அவருக்குப் பின் எம்மிடம் வந்தது. அன்று நுவரெலியாவிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றுவிட்டுக் கண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை பெய்தபடியால் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றி மூடியிருந்தோம். பின்னிருக்கையில் இருந்த பிள்ளைகள் இருவரும் தலை வலிக்கிறது என்றார்கள்; பின்னர் உறங்கிவிட்டார்கள். இறம்பொடையில் நீர்வீழ்ச்சியைக் காட்டுவதற்காக எழுப்பினோம். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் சாய்ந்துகொண்டார்கள். மலைப்பாதையின் வளைவுகள் செய்த மயக்கம் என்று எண்ணி விட்டுவிட்டோம்.

புசல்லாவையை நெருங்கியபோது மூடுபனி பாதையை மறைத்தது. வளைவு ஒன்றில் பஸ் நின்றுகொண்டிருக்கவே நாமும் பிரேக்கை அழுத்தினோம். மறுகணம் பின்னாலிருந்து சில்லுகள் தேய்ந்து அலறும் ஓசை! மரக்கறி ஏற்றி வந்த லொறி ஒன்று எமது வண்டியை மெல்லத் தொட்டு நின்றது. தொட்டதுதான், இடிக்கவில்லை. அதற்கே எமது பின் பம்பரின் ஒரு முனை கழன்று தரையில் தொங்கியது.

லொறிச் சாரதி மழையில் நனைந்தபடி இறங்கி வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அச்சந்தான் இருந்தது. “ஐயா, முன்னாலே ஒரு வண்டி போவதே எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லையே! பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இப்படி வரலாமா?” என்றார்.

அவருக்குச் சொல்ல எம்மிடம் விடை இல்லை. தமது லொறியிலிருந்து கயிறு எடுத்து வந்து பம்பரைக் கட்டித் தந்தார். “நீங்கள் முன்னே போங்கள்; கம்பளை வரைக்கும் நான் பின்னாலேயே வெளிச்சம் போட்டுக்கொண்டு வருகிறேன்” என்றார். சொன்னபடியே வந்தார். கம்பளையில் ஒரு முறை ஹோர்னை அடித்துவிட்டுத் தம் வழியே போய்விட்டார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட எமக்குத் தோன்றவில்லை.

மூன்று நோய் அல்ல, ஒன்று

மறுநாள் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலுள்ள ஒரு சிறு கராஜுக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். அங்குள்ள முதிய மெக்கானிக் பாஸ் இத்தகைய வண்டிகளோடு சிறுவயது முதல் பழகியவர். பம்பரையோ விளக்கையோ அவர் முதலில் பார்க்கவில்லை. டிக்கியைத் திறந்து, தரைவிரிப்பின் கீழே கையை நுழைத்தார். கை நனைந்து வந்தது. பின்னர் டிக்கி மூடியின் விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினார். விரல் முழுவதும் கரி.

“பின் சீற்றில் யார் ஐயா இருப்பது?” என்று கேட்டார். “பிள்ளைகள்” என்றோம். “அவர்களுக்குத் தலை வலிக்கிறது என்பார்களே?” என்றார். நாம் திடுக்கிட்டுப் போனோம்.

அவர் விளக்கியது இதுதான். டிக்கி மூடியைச் சுற்றியுள்ள இறப்பர் காய்ந்து வெடித்துவிட்டது. அவ்வழியே மழைநீர் உள்ளே இறங்கித் தேங்கியது. தேங்கிய நீர் தரைத்தகட்டையும், பம்பரைத் தாங்கும் இரும்பின் அடியையும் கறள் பிடிக்கச் செய்தது. அதே கறள் பின்விளக்குகளின் மின்தொடர்பையும் அறுத்தது. நீர் நுழைந்த அதே இடைவெளியால் புகையும் நுழைந்தது. ஓடும் வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைந்திருக்கும். புகைக்குழாய் விடும் புகை அங்கே சுழன்று, இடுக்குக் கண்ட இடத்தில் உள்ளே புகும். அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கவிடாமல் தடுப்பது அது. தலைவலி, மயக்கம், உறக்கம் ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். கண்ணாடிகள் மூடிய வண்டியில் உறங்குபவர் எழாமலே போவதும் உண்டு.

ஆகவே பம்பர், இறப்பர், விளக்கு என்று நாம் மூன்றாக எண்ணிய குறைகள் ஒரே நோயின் மூன்று முகங்கள். அந்த நோய்க்கு வேர் தண்ணீர். கண்டியில் இந்த வேரை மறந்திருத்தல் இயலாது. ஆனி ஆடியில் தென்மேல் பருவமழை. ஐப்பசி கார்த்திகையில் இடியோடு கூடிய மாலை மழை. மார்கழியில் வடகீழ்ப் பருவமழை. தை மாதத்து விடியலில் பனி. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த இந்நகரில் நிழலில் நிற்கும் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் உலர்வது அரிது.

பம்பர்

பம்பருக்கும் மொரிஸ் மைனருக்கும் ஒரு வேடிக்கையான பழந்தொடர்பு உண்டு. இவ்வண்டியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்கும் தறுவாயில், வண்டி அகலம் போதாது என்று கண்டார். மாதிரி வண்டியை நெடுக்கே இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளிவைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். ஆனால் பம்பர்களோ பழைய அளவில் செய்து முடிந்திருந்தன! ஆகவே அவற்றையும் நடுவே அறுத்து, நான்கு அங்குலத் துண்டு ஒன்றை இடையில் வைத்து இணைத்தார்கள். 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்த இவ்வண்டியின் முதற் பிரதிகள் அந்த ஒட்டுப் பம்பரோடுதான் ஓடின. அதனால் அதன் புகழ் குன்றவில்லை. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் இதுவே.

பம்பரின் பளபளப்பைத் தருவது குரோமியம். அதன் படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்புடையது. உண்மையில் இரும்பைக் காப்பது அதன் கீழேயுள்ள நிக்கல் பூச்சே. குரோமியத்தில் நுண்ணிய துளைகள் உண்டு. நிக்கலும் தேய்ந்த இடத்தில் நீர் இறங்கி, செம்புள்ளியாகக் கறள் வெளிப்படும். புள்ளிகள் சிறியனவாயின் வீட்டிலேயே போக்கலாம். சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. ஆதலால் கீறாமல் கறளை மட்டும் எடுத்துவிடும். கம்பித் தூரிகையை மினுக்கிய பக்கத்தில் வைக்கவே கூடாது. பூச்சே உரிந்துவிட்டதாயின் மீண்டும் குரோம் ஏற்றும் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். அத்தொழிலில் பயன்படும் இரசாயனங்கள் நஞ்சாதலால் வீட்டில் முயலலாகாது.

ஆயினும் நாம் பார்க்கும் பக்கத்தைவிடப் பார்க்காத பக்கமே முக்கியமானது. பம்பரைத் தாங்கும் இரும்புகளையும் அவற்றின் போல்டுகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். துருவேறிய போல்டை முரட்டுத்தனமாகத் திருகினால் அறுந்துவிடும். முதல்நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துக் கழற்ற வேண்டும். எமது வண்டியில் இடப்பக்கத்து இரும்பு அடியில் அட்டைபோல் மெலிந்திருந்தது. அதற்கு அருகேதான் பின் வில்லின் தொங்கல் இணைந்திருக்கிறது. பம்பர் கழன்று விழுந்ததால் அதனைக் கண்டோம். விழாதிருந்தால் வில்லே ஒருநாள் தரையைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும்.

நல்ல இரும்பு தெரியும்வரை கறளைச் சுரண்டி, பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள்மாற்றி பூசி, அதன்மேல் முதற்பூச்சும் வர்ணமும் இட்டு, உட்புறத்தில் மெழுகும் தடவுவது முறை. தகடு ஓட்டையாகியிருந்தால் வெட்டி, புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மைனரின் பெற்றோல் தாங்கி டிக்கித் தரையின் கீழேயே இருக்கிறது. அதனைக் கழற்றி அப்பால் வைக்காமல், பற்றரியின் தொடர்பை நீக்காமல், அங்கே நெருப்பை மூட்டுதல் தற்கொலைக்கு ஒப்பாகும்.

இறப்பர்

அடுத்தது இறப்பர். கடையில் இதனை ‘பீடிங்’ என்று கேட்டால் கிடைக்கும். டிக்கி மூடியைச் சுற்றி ஒன்று, பின்கண்ணாடியைச் சுற்றி ஒன்று, ஒவ்வொரு விளக்கின் அடியிலும் ஒன்று. விலையில் சிறியவை, ஆனால் வண்டியின் ஆயுளைக் காப்பவை அவையே.

இறப்பரின் கதை நம் நாட்டோடு பின்னியது. பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுசென்ற விதைகள் இலண்டனுக்கு அருகேயுள்ள கியூ தோட்டத்தில் முளைத்தன. 1876இல் அக்கன்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹா அருகே ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறி வருவோர் கேகாலைப் பக்கத்தில் இன்றும் இறப்பர்த் தோட்டங்களைக் காண்பர். விடியலில் மரம் மரமாகச் சென்று பால் வெட்டிய தோட்டத் தொழிலாளரின் உழைப்பு உலகத்து வண்டிகளின் சில்லிலும் கதவிலும் ஒட்டியிருக்கிறது.

ஆனால் இயற்கை இறப்பருக்கு மூன்று பகைவர்கள். வெயில் ஒன்று, காற்றிலுள்ள ஓசோன் மற்றொன்று, எண்ணெய் மூன்றாவது. முன்னிரண்டும் அதனை வெடிக்கச் செய்யும். எண்ணெய் ஊதிப் பருக்கச் செய்யும். மண்ணெண்ணெயாலும் பெற்றோலாலும் இறப்பரைத் துடைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு; அது மருந்தென்று நஞ்சிடுவதாகும். சவர்க்கார நீரால் கழுவி, உலர்த்தி, சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவுதலே நன்று. புதிதாக வாங்குவோர் ‘ஈ.பி.டி.எம்.’ என்னும் செயற்கை இறப்பரைக் கேட்டு வாங்கலாம். அது வெயிலையும் ஓசோனையும் நன்கு தாங்கும்.

மூடி நன்றாகப் பொருந்துகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு தாள் துண்டை விளிம்பில் வைத்து மூடியைச் சாத்துங்கள். பின் இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் நலம்; வழுக்கி வந்தால் அவ்விடத்தில் இடைவெளி உள்ளது. இவ்வாறு சாணுக்குச் சாண் சுற்றிலும் பார்க்க வேண்டும். விளிம்பில் சுண்ணக்கட்டித் தூளைப் பூசிச் சாத்தித் திறந்தாலும், தூள் ஒட்டாத இடம் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சிறுவரை டிக்கிக்குள் விட்டுப் பூட்டுவது மட்டும் எக்காலத்தும் செய்யத் தகாதது. இறப்பரை மாற்றிய கையோடு புகைக்குழாயின் மூட்டுகளையும் பார்த்துவிட வேண்டும். புகை கசிவது நிற்காவிட்டால் வாசலை அடைத்து மட்டும் பயனில்லை.

விளக்கு

இனி விளக்கு. இங்கே மாணவர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். வீட்டு விளக்குக்கு மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. பழைய காரிலோ போவதற்குத்தான் கம்பி உண்டு. திரும்பும் வழி வண்டியின் உடலே. இதனை மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்பர். விளக்கு பொருந்தும் இடத்தில் கறள் படிந்தால் அவ்வழி அடைபடும். 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 10 வோல்ட் வந்தால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று கணக்கிடுவீர்கள். அன்று! இழை விளக்கின் ஒளி அழுத்தத்தோடு ஒரே வீதத்தில் குறைவதில்லை. மிக விரைந்து குறையும். இரண்டு வோல்ட் இழப்பு ஏறத்தாழ அரைப்பங்கு ஒளியை விழுங்கிவிடும். மூடுபனியில் அந்த அரைப்பங்கு இருந்தும் இல்லாததே. எமது வண்டியில் அடைப்பு முற்றி, அந்தச் சிறு ஒளியும் அணைந்திருந்தது.

மருந்து எளியது. விளக்கைக் கழற்றி, பொருந்தும் இடத்தை உலோகம் மின்னும்வரை தேய்க்க வேண்டும். அத்துடன் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் புதிய கறுப்புக் கம்பி ஒன்றை இழுத்து, கறளற்ற இரும்பில் திருகிவிட்டால் நெடுநாள் கவலையில்லை. பிரித்தானிய வண்டிகளில் கம்பியின் நிறமே மொழி: சிவப்பு, பின்விளக்கு, பச்சையில் ஊதாக் கோடு, பிரேக் விளக்கு, பச்சையில் சிவப்புக் கோடு, இடப்பக்கச் சிக்னல், பச்சையில் வெள்ளைக் கோடு, வலப்பக்கச் சிக்னல், கறுப்பு, எர்த்.

பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே மின்குமிழில் இரண்டு இழைகளாக இருக்கும்; ஒன்று 5 வாட், மற்றது 21 வாட். குமிழைத் தலைமாற்றிச் செருகாதபடி அதன் இரு பக்க முளைகளும் வெவ்வேறு உயரத்தில் அமைந்திருக்கின்றன. வெயிலில் வெளிறிய சிவப்புக் கண்ணாடியை மாற்றிவிட வேண்டும். எமது 1958 மைனர் பிறந்தபோது சிக்னல் விளக்கு ஏது? கதவோரத் தூணிலிருந்து கைபோல் நீளும் கைகாட்டிதான். 1961இல்தான் மைனருக்குக் கண்சிமிட்டும் விளக்கு வந்தது. பின்வருவோர் இன்று கைகாட்டியை எதிர்பார்ப்பதில்லையாதலால் அத்தகைய வண்டிகளுக்குச் சிக்னல் விளக்கு பொருத்துவது அவசியம்.

இக்காலத்து எல்.இ.டி. குமிழ்களை இடலாமா என்று பலர் கேட்பர். இடலாம், நன்மையும் உண்டு. இழை விளக்கு முழு ஒளியை எட்ட அதைவிட ஏறத்தாழ 0.2 வினாடி கூடுதலாக எடுக்கும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் அதற்குள் இரண்டு மீற்றருக்கு மேல் நெருங்கிவிடுவார். ஆனால் மைனரின் எர்த் பற்றரியின் நேர்முனையில் இணைந்தது. அதற்கெனச் செய்த குமிழையே கேட்டு வாங்க வேண்டும். பழைய சிக்னல் கருவி மின்னோட்டத்தின் வெப்பத்தால் இயங்குவது, எல்.இ.டி. சிறிதளவே மின்சாரம் எடுப்பதால் அது சிமிட்ட மறுக்கும். அதனையும் மாற்ற வேண்டும்.

பின்கண்ணாடியின் உட்புறத்தில் உயரமாக மூன்றாவது பிரேக் விளக்கு ஒன்றையும் வைத்துக்கொண்டோம். 1970களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரத்து டாக்சிகளில் ஜான் வொவோட்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இத்தகைய கூடுதல் விளக்கைச் சோதித்தார். பின்னாலிருந்து மோதும் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுக் கார்கள் முதல் அது கட்டாயமாயிற்று.

விற்றுவிடுவதா?

இத்தனை தொல்லை எதற்கு, விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமே என்று வீட்டில் ஒரு பேச்சு எழாமல் இல்லை. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. வரியோடு சேர்ந்த விலையோ நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. பழையதைப் பேணுதலே நம்மிற் பலருக்கு வாய்த்த வழி. அதற்கு இந்நாடு தகுந்த இடமுமாகும். இங்கிலாந்தின் பாத் நகரத்து சார்ல்ஸ் வெயார், மைனர் வண்டிகளை என்றும் ஓடவைக்கலாம் என்று வாதிட்டவர். உதிரிப்பாகங்கள் செய்ய 1990களில் அவர் கூட்டுத்தொழில் தொடங்கியது நமது இலங்கையிலேதான். கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் பழைய வண்டிப் பாகம் ஏதேனும் ஒன்று இன்றும் அகப்படுகிறது.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. வண்டி வீடு திரும்பிய மாலையில் பிள்ளைகள் இருவரையும் வேலைக்கு அமர்த்தினோம். மூத்தவன் உள்ளே அமர்ந்து பிரேக்கை அழுத்தினான், இளையவள் பத்தடி பின்னே நின்று, “எரிகிறது அப்பா! இரண்டும் எரிகிறது! மேலே உள்ளதும் எரிகிறது!” என்று கூவினாள். அன்று முதல் மாதத்தில் ஒரு ஞாயிறு இச்சோதனை எமது வீட்டு வழக்கமாகிவிட்டது. சாரதி தனியாக இதனைச் செய்ய இயலாது என்பதைக் கவனித்தீர்களா? தன் வண்டியின் பின்விளக்கை ஓட்டுபவர் ஒருபோதும் காண்பதில்லை. சட்டம் கேட்பதால் மட்டும் அல்ல, பின்னால் வரும் முகமறியா மனிதருக்காகவே அதனை ஏற்றி வைக்கிறோம்.

தை மாதத்தில் மீண்டும் நுவரெலியாவுக்குப் போய்வந்தோம். இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் காட்ட யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள்தாம் எமக்குக் காட்டினார்கள். புசல்லாவை வளைவில் பனி இறங்கியது. பின்னால் ஒரு லொறி, வேண்டிய இடைவெளி விட்டு, நிதானமாக வந்துகொண்டிருந்தது. அன்றைய சாரதியோ வேறொருவரோ அறியோம். அவருக்கு எமது வண்டி நன்றாகத் தெரிந்தது என்பது மட்டும் எமக்குத் தெரிந்தது.